இரும்பு எழுதும் ஊர்கள்

கிதாரின் குரலை மாற்றும் சிறு பெட்டியை வீட்டிலேயே செய்து, அதற்கு ஓவியமும் தீட்டுவது உலகெங்கும் பரவிய பழக்கம். அந்த வேலைக்கு வேண்டிய பாடங்கள் சித்தூரிலிருந்து காளஹஸ்தி வரை வழியெங்கும் இருக்கின்றன.

வேலூரிலிருந்து சித்தூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். எல்லை தாண்டியது கடைப் பலகைகளில்தான் தெரிகிறது, காதுக்குத் தெரிவதில்லை. பஸ் நிலையத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகின்றன. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கோடுகள் மாறினாலும் காது மாறவில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1954-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை இந்தக் கலப்பின் பிள்ளை.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தது. திருப்பதி தனி மாவட்டமானது. காளஹஸ்தியும் ஸ்ரீசிட்டியும் அதனோடு போயின. சித்தூருக்கு மாம்பழக் கூழ் ஆலைகளும் கிளிமூக்கு மாந்தோப்புகளும் மிஞ்சின. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர், அங்கிருந்து காளஹஸ்தி இன்னொரு 36. இந்த நூறு கிலோமீட்டரில் செம்பில் பாட்டு எழுதியவர்கள், துணியில் இரும்பால் கதை எழுதுகிறவர்கள், கோடிக்கணக்கில் மின்னணுப் பலகைகளைப் பூட்டும் ஆலைகள் என்று மூன்று உலகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு சின்ன அலுமினியப் பெட்டி போதும்.

கோளாறில் பிறந்த குரல்

மின் கிதாரிலிருந்து வரும் ஒலி ஒரு சிறு மின் அலை. அது ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில், தரையில் வைத்த ஒரு பெட்டிக்குள் புகுந்து வெளிவருகிறது. காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் ஒலியின் குணம் மாறுகிறது: கரகரப்பு, எதிரொலி, அலையலையான நடுக்கம், அழுவது போன்ற 'வா-வா'. காலால் இயக்குவதால் இதற்குப் பெயர் பெடல். எழுபதுகள், எண்பதுகளின் தமிழ் சினிமாப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல்கள் பழக்கம்தான். பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இதில் முதலில் புகழ்பெற்ற கரகரப்பு ஒரு கோளாறில் பிறந்தது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த பாட்டுக்கு கிராடி மார்ட்டின் வாசித்தபோது, ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி அவருடைய வாத்தியம் குளவி போல ரீங்கரித்தது. அதை அழிக்காமல் அப்படியே வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறைத் திட்டமிட்டே உண்டாக்கும் சர்க்கியூட்டை வடிவமைத்தார். அது 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. முதலில் வாங்க ஆளில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு கிடைக்காத பண்டமாயிற்று.

அடுத்த ஆண்டு லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் இன்னும் எளிமை. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு போன்ற வட்டப் பெட்டி. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு திருகு குமிழ். மொத்தம் பதினொரு உறுப்புகள். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது இதுதான். இத்தனை சிறிய சர்க்கியூட் இவ்வளவு பெரிய ஒலி தருகிறது என்று தெரிந்ததும் வீட்டிலேயே செய்து பார்க்க ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். கிரெய்க் ஆண்டர்டன் 1975-ல் எழுதிய வழிகாட்டிப் புத்தகம் இந்தப் பழக்கத்துக்கு அரிச்சுவடியானது. இந்தியாவில் 1969-ல் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையைப் பார்த்து ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் செய்து பழகிய கைகளுக்கு இது அந்நியமான வேலையே இல்லை.

பழைய ரேடியோவுக்குள் புதையல்

செய்முறையில் பயப்பட எதுவுமில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் ஷாக் அடிக்காது. துளையிட்ட பலகையில் உறுப்புகளைச் செருகி, 25 வாட் சால்டரிங் அயர்னால் ஈயம் பற்றவைக்க வேண்டும். கிதார் ஒயர் நுழைய ஒரு ஜாக், வெளியேற ஒரு ஜாக். காலால் மிதிக்கும் சுவிட்சில் ஒன்பது காதுகள்; பெடலை அணைத்தால் ஒலி சர்க்கியூட்டைத் தொடாமல் நேராகப் போகும்படி அவற்றை இணைப்பதுதான் புதியவர்களுக்குத் தலைவலி. முதல் முறை ஒலி வராது. பெரும்பாலும் குற்றவாளி, பளபளப்பில்லாமல் உறைந்த ஓர் ஈயப் பற்று, அல்லது தலைகீழாக மாட்டிய டிரான்சிஸ்டர்.

உறுப்புகளுக்குத் திருப்பதிக்காரர்கள் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கு வரலாம். அண்ணா சாலைக்கு ஒதுக்குப்புறமான அந்தச் சந்தில் ரெசிஸ்டரை எண்ணிக்கையிலும் ஒயரைச் சுருளிலும் விற்கிறார்கள். ஆனால் ஃபஸ் பெடல் செய்கிறவர்கள் தேடும் முக்கியப் பொருள் சில வீடுகளின் பரணிலேயே கிடக்கும். அறுபது, எழுபதுகளின் பாக்கெட் ரேடியோக்களில் ஒலி வெளியேறும் கடைசிக் கட்டத்தில் ஏ.சி. 128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் அதைத் தயாரித்தது. பேரீச்சம்பழத்துக்குப் போடப்பட்ட அந்த ரேடியோக்களின் வயிற்றில் இருந்ததைத்தான் இன்று வெளிநாட்டுப் பெடல் தச்சர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து ஜோடி சேர்க்கிறார்கள்.

இந்த ஊரில் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. அது வெயில். ஜெர்மானியத்தில் மின்சாரம் கசியும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். லண்டன் குளிரில் தேனாக ஒலித்த சர்க்கியூட், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில் மூச்சுத் திணறும். ஸ்வரம் பாதியில் அறுந்துபோகும். ஒரு ரெசிஸ்டரின் இடத்தில் சிறு திருகியை வைத்து, பருவத்துக்கு ஏற்ப சரிசெய்து கொள்வது ஒரு வழி. சூட்டைத் தாங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறுவது இன்னொன்று. அதில் ஒலி கொஞ்சம் கூர்மையாகிவிடும். வரைபடம் எந்த ஊரில் வரையப்பட்டதோ அந்த ஊரின் தட்பவெப்பமும் அதில் எழுதப்படாமல் ஒளிந்திருக்கிறது. காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செம்பு காத்ததும் காக்காததும்

எழுதப்படாமல் ஒளிந்திருப்பது என்ன செய்யும் என்பதற்குத் திருமலையைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவர் பாடியவை 32,000 என்பது வழக்கு. அவருடைய குடும்பத்தார் பாட்டுகளைச் செப்பேடுகளில் எழுத்தெழுத்தாக வெட்டி, திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறு கல்லறையில் வைத்தார்கள். உண்டியலை நோக்கி வரிசையில் நகரும் லட்சக்கணக்கானோர் அதைக் கடந்துதான் போகிறார்கள். ஏடுகள் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அவை வெளியே வந்து, படிக்கப்பட்டு, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தால் அச்சேறின.

கிடைத்தவை பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் ஸ்வரம் இல்லை. சொல் பிழைத்தது, மெட்டு போய்விட்டது. பாடிக் காட்டிய வாயும் கேட்டு வாங்கிய காதும் நடுவில் எங்கோ அறுந்துபோனதே காரணம். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் பிறகு மெட்டமைத்தார்கள். இன்று மேடைகளில் ஒலிப்பவை பெரும்பாலும் அப்படிப் புதிதாகப் பிறந்தவை.

பெடல் செய்கிறவர்களும் செம்பில்தான் எழுதுகிறார்கள். செப்புத் தகடு ஒட்டிய பலகையில் வேண்டிய கோடுகளை மையால் மூடி, பெரிக் குளோரைடு என்ற இரும்புக் கரைசலில் போட்டால் மூடாத செம்பு கரைந்துவிடும். மிஞ்சும் கோடுகளே மின்சாரத்தின் பாதை. அந்தப் பலகை ஐம்பது ஆண்டு அழியாமல் இருக்கலாம். எந்த டிரான்சிஸ்டரை எந்தக் காது தேர்ந்தெடுத்தது என்பதை அது சொல்லாது.

மின்சார வாத்தியம் இந்த மண்ணின் இசைக்கு ஒவ்வாதது என்ற பேச்சும் பழையதாகிவிட்டது. மேற்கு கோதாவரியின் பாலகொல்லில் 1969-ல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், சிறுவனாக இருக்கும்போதே மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்துச் சபைகளை வாயடைக்க வைத்தார். 2014-ல் அவர் மறைந்தபோது, அந்த வாத்தியத்தை யாரும் அந்நியமாகப் பார்க்கவில்லை.

ஆற்றங்கரை எழுதுகோல்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாகக் கிழக்கே போனால் ஏர்ப்பேடு. 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யின் வளாகம் இந்தப் பக்கம்தான். மரச் சிற்பங்களுக்குப் பேர்போன மாதவமாலா கிராமமும் பக்கத்திலேயே. அங்கு செதுக்கும் மரப்பெட்டி பெடலுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மரம் வெளி மின்புலத்தைத் தடுக்காது. உள்ளே செப்புத் தாள் ஒட்டாவிட்டால் ட்யூப்லைட்டின் 'ம்ம்ம்' என்ற ரீங்காரமும் சேர்ந்து பாடும். பெடல்காரர்கள் அலுமினியத்தை விடாததற்கு இதுதான் காரணம்.

அடுத்து காளஹஸ்தி. வாயு லிங்கத்தின் ஊர். சந்திரகிரிப் பக்கத்து மலையில் பிறக்கும் சுவர்ணமுகி ஆறு கோயிலை ஒட்டி ஓடுகிறது, தண்ணீர் இருக்கும்போது. அந்த ஆற்றை நம்பி வளர்ந்ததே கலம்காரி. கலம் என்றால் பாரசீக மொழியில் எழுதுகோல். இங்கே அது ஒரு மூங்கில் குச்சி. கூர்முனைக்குச் சற்று மேலே கம்பளி அல்லது துணி சுற்றி நூலால் கட்டியிருக்கும். விரல்கள் அந்தச் சுற்றை அழுத்த அழுத்தச் சாயம் முனைக்கு இறங்கும். மசூலிப்பட்டணத்துக் கலம்காரியில் அச்சுக்கட்டை உண்டு. காளஹஸ்தியில் எல்லாமே கைக்கோடு.

காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பிடிக்கும். எரித்த புளியங்குச்சிக் கரியால் உருவம் குறிக்கப்படும். அடுத்து வருவது கறுப்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டுப் பானையில் வாரக்கணக்கில் புளிக்கவிட்டு எடுத்த சாறு. பானையில் அது அவ்வளவு கறுப்பில்லை. கடுக்காய் ஊறிய துணியைத் தொட்டதும், இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் கூடிக் கருங்கோடாக எழும். சிவப்புக்குப் படிகாரம் தடவி, சாயவேர் போன்றவற்றோடு கொதிக்கவிட வேண்டும். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ, நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். தேங்கிய தண்ணீரில் அலசினால் கலைந்த சாயம் துணியிலேயே படியும். சுவர்ணமுகி ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் போல வந்தால் ஊரையே மிரட்டுகிறது. ஆறு ஓடாத மாதங்களில் இந்த வேலையின் சிரமம் இரட்டிப்பு.

ஐம்பதுகளில் இந்தக் கலை அணைந்துபோகும் நிலையில் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியும் காளஹஸ்தியில் அமைந்த அரசுப் பயிற்சி நிலையமும் அதைத் தூக்கி நிறுத்தின. அந்த மறுபிறப்பின் தலைமுறையைச் சேர்ந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு புத்தகம் அதைச் செய்திருக்க முடியாது. கை பார்த்துக் கை பழகியதால் நடந்தது.

அலுமினியத்தில் கடுக்காய் இல்லை

பெடல் பெட்டிக்கு ஓவியம் தீட்டுவது வெறும் ஜம்பம் அல்ல. கிதார்காரரின் காலடியில் ஏழெட்டுப் பெட்டிகள் வரிசையாக இருக்கும்; மேடை வெளிச்சம் மங்கியிருக்கும். நிறமும் உருவமும்தான் எது எதிரொலி, எது கரகரப்பு என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து ஸாக்கரி வெக்ஸ் தொண்ணூறுகளின் நடுவில் ஃபஸ் ஃபேக்டரி என்ற பெடலைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பெட்டியும் கையால் வரையப்பட்டது. இரண்டு பெட்டி ஒன்றுபோல் இருக்காது. ஓவியமே அதன் முகவரியானது.

கலம்காரியை அலுமினியத்துக்குக் கொண்டுபோக முடியுமா? நேராக முடியாது. அந்த இரும்புச் சாறு கறுப்பாவது துணிக்குள் இருக்கும் கடுக்காயால்தான். வழவழப்பான அலுமினியத்தில் அது காய்ந்த துருக்கறையாக நின்று, ஈரக்கை பட்டதும் போய்விடும். வழிகள் மூன்று உண்டு. பெட்டியை மணல்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அக்ரிலிக் நிறத்தில் வரைந்து, மேலே வார்னிஷ் பூசுவது ஒன்று; கோடு கலம்காரி, சாயம் கலம்காரி அல்ல. அசல் கலம்காரித் துண்டொன்றை வெட்டி ஒட்டி, ரெசினால் மூடுவது இன்னொன்று. சாயம் அசல், ஆனால் வளைவிலும் துளையிலும் துணி சுருங்காமல் ஒட்டப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது வழிதான் சுவாரசியம். செம்பைக் கரைத்த அதே பெரிக் குளோரைடு அலுமினியத்தையும் தின்னும். பெட்டியின் மேல் மையால் உருவம் வரைந்து, நீர்த்த கரைசலில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுத்தால், மையில்லாத இடம் பள்ளமாகும். பள்ளத்தில் கறுப்பு பூசித் தேய்த்தால் மேடு வெள்ளியாய் மின்னும். கரைசல் கெட்டியாக இருந்தால் கொதித்துப் பொங்கும், தீப்பற்றும் வாயு கிளம்பும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் அவசியம். காளஹஸ்தியின் பானையில் இருப்பதும் இந்தக் கிண்ணத்தில் இருப்பதும் ஒரே உலோகத்தின் இரண்டு அவதாரங்கள். அங்கே இரும்பு துணியில் ஏறிக் கோடாகிறது. இங்கே இரும்பு உலோகத்தை அரித்துக் கோடாக்குகிறது.

நகலின் நேர்மை

இரண்டு கைத்தொழிலுக்கும் ஒரே வியாதி. காளஹஸ்திப் பெயரைச் சொல்லி ஸ்கிரீன் பிரின்ட் சேலைகள் எங்கும் விற்கின்றன. வாரக்கணக்கில் வரைந்ததும், மிஷினில் ஓடி வந்ததும் அலமாரியில் பக்கம் பக்கமாகத் தொங்கும்போது, வாங்குகிறவர் விலையைத்தான் பார்க்கிறார். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அது பெயரைக் காக்கும். வாங்குகிறவரின் கண்ணைப் பழக்காது. அசலைத் திருப்பிப் பார்த்தால் சாயம் பின்பக்கமும் ஊறியிருக்கும், ஒரே பூ இரண்டு இடத்தில் ஒரே அளவில் இருக்காது. அதைச் சொல்லித்தர ஆளில்லாவிட்டால் குறியீடு வெறும் ஸ்டிக்கர்தான்.

பெடல் உலகில் பழைய சர்க்கியூட்டைப் பார்த்துச் செய்வது குற்றமாகக் கருதப்படுவதில்லை. எல்லோரும் ஃபஸ் ஃபேஸில்தான் கைப்பழக்கம் தொடங்கினார்கள். இன்னொருவருடைய சர்க்கியூட்டைத் தன் கண்டுபிடிப்பென்று சொல்லி, பலகையைக் கறுப்பு ரெசினால் மூடி விற்பதுதான் அங்கே அவமானம். வெக்ஸ் இந்தச் சிக்கலுக்கு நாணயமாக ஒரு வழி கண்டார். கையால் வரைந்த பெட்டி ஒரு விலை. அதே சர்க்கியூட் ஸ்கிரீன் பிரின்ட் பெட்டியில், வெக்ஸ்டர் என்ற தனிப் பெயரில், குறைந்த விலை. வாங்குகிறவருக்கு எது எதுவென்று தெரியும். ஓவியருக்கும் உழைப்பின் விலை கிடைக்கும். இந்தியாவில் மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போன்ற சிறு தயாரிப்பாளர்கள், தங்களுக்கென்று ஒரு ஒலியும் முகமும் கொண்ட பெடல்களைச் செய்து வெளிநாடு வரை விற்றிருக்கிறார்கள். நகலில் தொடங்கி, நகலைத் தாண்டிப் போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

முழுதும் அறிந்த கை

இதே மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே 55 கிலோமீட்டரில் ஸ்ரீசிட்டி. 2015-ல் பாக்ஸ்கான் அங்கே ஷாவ்மி செல்போன்களைப் பூட்டத் தொடங்கியது. திருப்பதி விமான நிலையத்தின் பக்கமும் மின்னணு ஆலைகள் எழுந்தன. 1985-ல் தொடங்கப்பட்ட அமர ராஜா, கரகம்பாடியிலும் சித்தூர் பக்கத்திலும் பேட்டரி செய்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் மாதச் சம்பளம் தரும் வேலைகள் இவை. குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அசெம்பிளி வரிசையில் நிற்பவர் பார்ப்பது ஒரு திருகை, ஒரு சோதனையை, ஒரு ஸ்டிக்கரை. அரிசிக் குருணையைவிடச் சிறிய உறுப்புகளை மிஷின் வைக்கிறது. முழுப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தேவைப்படுவதில்லை.

பதினொரு உறுப்புள்ள பெடல் அந்த இடைவெளியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிரப்பும். ஒவ்வொரு உறுப்பையும் கழற்றி மாற்றலாம், மாற்றியதும் காது வித்தியாசம் சொல்லும். ஐ.டி.ஐ. மாணவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் எலக்ட்ரானிக்ஸின் முழு உருவம் கைக்குள் அடங்கும் இடம் அது. காளஹஸ்தி ஓவியருக்கு அந்தப் பெட்டி புதிய வாடிக்கையாளராக முடியும். உள்ளங்கை அகலமே உள்ள பரப்பு, ஆனால் நியாயமான கூலி கேட்கத் தகுந்த பரப்பு.

கலம்காரியின் பெரிய திரைகளில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் தெலுங்கில் ஒரு வரி எழுதியிருப்பார்கள்: இது எந்தக் கதை, எந்தக் காட்சி என்று. பெடல் பெட்டியின் மூடிக்கு உட்புறமும் அப்படி ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது. யாருடைய சர்க்கியூட்டைப் பார்த்துச் செய்தது, எந்த டிரான்சிஸ்டர், எந்த மாதத்து வெயிலில் சரிசெய்தது, கோடு போட்டவர் யார் என்று நான்கு வரி எழுத அது போதும். திருமலைச் செப்பேடுகளில் விட்டுப்போனதை நினைத்தால், அந்த நான்கு வரியோடு பக்கத்தில் ஒரு ஆளையும் உட்காரவைத்துக் கையைப் பிடித்துச் சொல்லித் தருவது நல்லது.